ஒளிந்திருந்த வட்டும் ஓர் ஒற்றெழுத்தும்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கு நானும் உங்கள் மாமியாரும் நலமாக இருக்கிறோம். அங்கு நீங்களும் மகளும் பேத்தியும் அவ்வாறே இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். மேலே நலம் என்று எழுதியதை எங்கள் இருவருக்கு மட்டும் பொருத்திக்கொள்ளவும். நீங்கள் ஆசையாக வாங்கி அனுப்பிய லேப்டாப்பின் நலம் பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் நீங்கள் "பரவாயில்ல மாமா" என்று சொல்லிவிடுவீர்கள். எதற்குப் பரவாயில்லை என்று தெரியாமலே நீங்கள் கொடுக்கும் பரவாயில்லையை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. முழுவதையும் வாசித்துவிட்டு, அதன் பிறகும் கொடுக்கத் தோன்றினால் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பார்சல் வந்தது. அன்றே நீங்கள் போன் செய்து, "மாமா, அது புது மாடல். லினக்ஸ் போடறேன்னு கை வைக்காதீங்க. அடுத்த மாசம் நான் வந்து போட்டுத் தரேன்" என்று சொன்னீர்கள். நானும் "சரி மாப்பிள்ளை" என்றேன். சொன்னபோது மனதாரத்தான் சொன்னேன். ஆனால் உங்கள் மாமியார் பாடப் புத்தகம் வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிற அந்த டெலிபோன் ஆபரேட்டர் பெண்ணைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கண் பார்வை கிடையாது; மேற்பார்வையாளர் பதவிக்கான தேர்வு எழுதப்போகிறாள். அலுவலக நடைமுறை விதிகள் என்று பதினெட்டுப் பாடமுள்ள புத்தகம். பதின்மூன்று பாடம் முடிந்தபோது பழைய லேப்டாப் உயிரை விட்டது. தேர்வுக்குப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி. உங்கள் மாமியார் ஒன்பது வருடமாகப் பதிவு செய்கிற மென்பொருள் விண்டோஸில் ஓடாது, லினக்ஸில்தான் ஓடும், வேறு எதிலும் கை பழகவில்லை. நீங்கள் வருகிற அடுத்த மாதத்தில் அந்தப் பெண்ணுக்குத் தேர்வும் முடிந்திருக்கும், முடிவும் வந்திருக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் திங்கட்கிழமை காலை கை வைத்தேன்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. தெருமுனை பிரிண்ட் கடைக்குப் போய்ப் பென்டிரைவில் லினக்ஸை எழுதி வாங்கிவந்து, செருகி, லேப்டாப்பை உயிர்ப்பித்தேன். நீலமும் ஊதாவுமாகப் பக்கம் வந்தது. மொழி கேட்டது, சொன்னேன். விசைப்பலகை கேட்டது, சொன்னேன். அடுத்து, அடுத்து என்று அழுத்திக்கொண்டே போனேன். எந்த வட்டில் நிறுவ வேண்டும் என்று கேட்கிற பக்கமும் வந்தது. பட்டியலில் ஒரே ஒரு வட்டு. பதினாறு ஜி.பி. அது நான் செருகியிருந்த பென்டிரைவ். அதாவது பென்டிரைவ், தன்னைத் தன் மேலேயே நிறுவிக்கொள்ளட்டுமா என்று என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் பெருமையாகச் சொன்ன ஐந்நூறு ஜி.பி. எஸ்.எஸ்.டி. வட்டின் சுவடே இல்லை.

உங்கள் மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"ஏங்க, உள்ள வட்டே வைக்காம அனுப்பிட்டாங்களா?"

"வைக்காம அனுப்பியிருந்தா விண்டோஸ் எப்படி வரும்? நேத்து வந்துச்சே."

"அப்ப இருக்குதானே?"

"இருக்கு. ஆனா தெரியல."

"தேடிட்டு இருங்க, கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். அவருக்கு எப்போதும் என் மேல் இப்படி ஒரு நம்பிக்கை.

பென்டிரைவில் எழுதியதுதான் பிசகு என்று முடிவுகட்டி மறுபடி பிரிண்ட் கடைக்குப் போனேன். அன்று மட்டும் நாலு தடவை. நாலாவது தடவை கடைக்காரர், "சார், இதே ஃபைலத்தான் நாலாவது வாட்டி எழுதறேன். நான் எழுத எழுத உள்ள கதை மாறாது" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆகவே செவ்வாய்க்கிழமை, வட்டு உண்மையிலேயே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுவது என்று என் மூக்குக்கண்ணாடிக்கு வைத்திருக்கும் குட்டி ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு லேப்டாப்பைக் குப்புறப் போட்டேன். பத்துத் திருகுகள். ஒன்பது கழன்றன. பத்தாவது, தலை வழுக்கையாகும் வரை என்னோடு போராடித் தோற்றது. மூடியைத் திறந்தால் வட்டு என்று நாம் சொல்வதில் வட்டமாக எதுவுமே இல்லை, மாப்பிள்ளை. மூன்று தபால்தலைகளை வரிசையாக ஒட்டினாற்போல் ஒரு பச்சைச் சில்லு. அதைக் கழற்றி, ஊதி, துடைத்து, அதே இடத்தில் செருகி, மூடியைப் போட்டு, மறுபடி பென்டிரைவிலிருந்து தொடங்கினேன். மறுபடியும் பதினாறு ஜி.பி. கண்ணுக்குத் தெரிகிறது, கைக்குத் தட்டுப்படுகிறது, லினக்ஸுக்கு மட்டும் தெரியவில்லை. அன்று மத்தியானச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. அச்சகத்தில் முப்பத்துநாலு வருடம் பிழை திருத்தியவன் நான். ஒரு பிழை இருக்கிறது என்று தெரிந்தும் அது எந்த வரியில் இருக்கிறது என்று தெரியாமல் மேசையை விட்டு எழுந்தது கிடையாது.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். டெலிபோன் ஆபரேட்டர் பெண்.

"சார், அம்மா இருக்காங்களா? நான் எதுக்குக் கூப்பிட்டேன்னா..."

"தெரியும்மா. பதினாலாம் பாடம் இன்னும் தயாராகல. தப்பு என் மேலதான். அம்மாவ ஒண்ணும் சொல்லாத."

"இல்ல சார், அது வந்து..."

"வட்டு தெரிய மாட்டேங்குதும்மா. மூணு நாளாத் தேடறேன்" என்று ஆரம்பித்து முழுக் கதையையும் கொட்டிவிட்டேன். பாவம், அவளை வாயைத் திறக்கவே விடவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "சார், மொதல் பக்கத்துல இருந்து திரையில என்னென்ன எழுதியிருக்கோ அப்படியே வாசிங்க. ஒரு எழுத்து விடாதீங்க."

"உனக்கு இதெல்லாம் தெரியுமாம்மா?"

"எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல நானே மூணு தடவ போட்டிருக்கேன் சார். திரைய வாசிச்சுச் சொல்ற நிரலோடதான் லினக்ஸ் வருது. கம்ப்யூட்டர் உயிர் வந்ததும் அமைப்புகள மாத்தறதுக்கு வர்ற அந்த பயாஸ் பக்கம் மட்டும்தான் பேசாது. அங்க எங்க அக்கா வீட்டுக்காரர் வாசிச்சுச் சொன்னார்."

அச்சகத்தில் ஒருவர் மூலப்பிரதியை உரக்க வாசிக்க, இன்னொருவர் அச்சுப்படியைச் சரிபார்ப்பது வழக்கம். நிறுத்தக்குறிகளையும் சேர்த்து வாசிப்போம். எனக்கு வேறு விதமாக வாசிக்க வராது. "வருக கமா உங்கள் மொழியைத் தேர்ந்தெடுக்கவும் முற்றுப்புள்ளி" என்று ஆரம்பித்தேன். மறுமுனையில் சிரித்தாள், ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. மூன்றாவது பக்கத்தின் அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு எழுதியது போல் இரண்டு வரி. இந்தக் கணினியின் வட்டு ரெய்டு என்னும் சேமிப்பு முறையில் அமைக்கப்பட்டுள்ளது. நிறுவலைத் தொடரும் முன் பயாஸில் அதை நிறுத்தவும் என்று ஆங்கிலத்தில் இருந்தது. திங்கட்கிழமையிலிருந்து இருபது தடவையாவது அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருப்பேன். இருபது தடவையும் அது எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அதைப் பார்க்க முடியாத ஒருத்தியிடம் பேசிக்கொண்டிருந்தது அந்த நேரத்தில் எனக்குப் பெரிய ஆறுதல்.

அடுத்து நடந்ததையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். உள்ளே சிக்னல் சரியாக இல்லை என்று போனோடு பால்கனிக்கு வந்தேன். அவளுக்கும் இரைச்சல், எனக்கும் இரைச்சல். அதனால் கொஞ்சம் உரக்கப் பேசினேன். "ரெய்டும்மா! ரெய்டு! ஆமா, ரெய்டுனாலதான் எல்லாம் மறைஞ்சிருக்கு! உள்ளதான் இருக்கு, வெளிய தெரியாம வச்சிருக்காங்க!" என்றேன். கீழ் வீட்டில், எங்களுக்கு மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு கால்களிலும் வெவ்வேறு செருப்போடு, மூச்சிரைக்க மாடியேறி வந்து கதவைத் தட்டினார்.

"எத்தன பேர் வந்திருக்காங்க?"

"யாரு?"

"மெதுவாப் பேசுங்க. ரெய்டுக்கு!"

"ஓ, அதுவா? அத நாங்களே நிறுத்தப் போறோம்" என்றேன்.

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "நிறுத்த முடியுமா? உங்களுக்கு மேலிடத்துல ஆள் இருக்கா?"

"டெலிபோன் ஆபரேட்டர் ஒரு பொண்ணு இருக்கா. அவ சொல்லச் சொல்ல நான் செய்யறேன்."

"சார், மொட்டைமாடி ரூமுக்கு நான் அனுமதி வாங்கலங்கிறத யாரு போட்டுக்குடுத்தது? சத்தியமா நீங்க இல்லையே?"

மொட்டைமாடி அறைக்கு அனுமதி வாங்கவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இது வட்டுச் சமாசாரம், அதிகாரிகள் யாரும் வரவில்லை என்று புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் அந்தப் பெண் லைனில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து வீட்டுக்காரர் எங்களைக் கண்டால் முந்திக்கொண்டு வணக்கம் சொல்கிறார். மூன்று மாதமாக ஒழுகிக்கொண்டிருந்த சமையலறைக் குழாய்க்கு மறுநாளே ஆள் வந்தது. லேப்டாப் விஷயத்தில் இதுவரை விளைந்த ஒரே நன்மை என்று இதைக் குறித்துக்கொள்ளவும்.

பயாஸுக்குள் போய் ரெய்டை நிறுத்தி, அவள் சொன்ன ஏ.எச்.சி.ஐ. என்ற சாதாரண முறைக்கு மாற்றிவைத்தேன். உடனே லினக்ஸைப் போட்டிருக்கலாம். ஆனால் விண்டோஸ் என்ன ஆயிற்றோ என்று ஒரு சந்தேகம். பென்டிரைவைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பார்த்தேன். நீலத்திரை. நாற்பத்தெட்டு இலக்க மீட்பு எண்ணைத் தருக என்றது. அந்த எண் உங்கள் கணக்கில் இருப்பதாகவும் அதுவே சொன்னது. உங்களைக் கேட்கலாம், ஆனால் கை வைத்தது தெரிந்துவிடும். ஆகவே உங்கள் கல்யாணத் தேதி, மகளின் பிறந்தநாள், பேத்தியின் பிறந்தநாள், உங்கள் இருவருடைய போன் எண்கள் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். நாலு இலக்கம் குறைந்தது. என் ஓய்வூதிய எண்ணில் நாலைச் சேர்த்தேன். ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். "சார், ஊகிக்கற விஷயமா அது? பயாஸ்ல பழையபடி மாத்துங்க, கேக்காது" என்றாள். மாற்றினேன். கேட்கவில்லை. விண்டோஸ் சமர்த்தாக வந்தது.

அப்போதுதான், மாப்பிள்ளை, அந்தத் திரையை நான் முதன்முதலாக நிதானமாகப் பார்த்தேன். அதில் "மாமா படிக்கவும்" என்று ஒரு கோப்பு இருந்தது. நீங்கள் எழுதி வைத்தது. "மாமா, சொன்னாக் கேக்க மாட்டீங்கன்னு தெரியும்" என்று தொடங்கி, ரெய்டை எங்கே நிறுத்துவது, மீட்பு எண் எது, எந்தப் பக்கத்தில் எதை அழுத்துவது என்று ஒன்பது வரிகள். மூன்று நாள், நாலு தடவை எழுதிய பென்டிரைவ், பத்துத் திருகு, ஒரு வீட்டுக்காரர் எல்லாம் அந்த ஒன்பது வரிக்குள் அடக்கம். வாசித்து முடித்ததும் மறுபடி முதல் வரியிலிருந்து வாசித்தேன். எனக்கு மகன் இல்லை. நான் பேச்சைக் கேட்க மாட்டேன் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவைத்திருக்கிற ஒரு ஆள் குடும்பத்தில் இருப்பது பற்றி எனக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியது என்று எழுத வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

பக்கத்திலேயே "பாப்பா" என்று ஒரு கோப்புறை. நாற்பத்தொரு வீடியோ. பேத்தி உட்கார்ந்தது, தவழ்ந்தது, விழுந்தது என்று பெயர்கள். வேலை முடிந்த பிறகு நானும் உங்கள் மாமியாரும் சேர்ந்து பார்க்கலாம் என்று திறக்காமல் வைத்தேன்.

இனித்தான் கடினமான பகுதி. வியாழக்கிழமை உங்கள் குறிப்பை ஒரு தாளில் எடுத்தெழுதினேன். எழுதும்போதே பிழைகளைத் திருத்தியும் எழுதினேன். கைப்பழக்கம், தவறாக எண்ண வேண்டாம். ஆறாவது வரியில் நீங்கள் "பழசை அழிச்சிட்டாம போடுங்க" என்று அடித்திருந்தீர்கள். "அழிச்சிட்டாம" என்று ஒரு சொல் தமிழில் இல்லை. ஒன்று, "அழிச்சிட்டு" என்று இருக்க வேண்டும். அல்லது "அழிச்சிடாம" என்று இருக்க வேண்டும். ஒரு ட் செய்கிற வேலை. இரண்டில் எது என்று ஐந்து நிமிடம் யோசித்தேன். சந்தேகம் வந்தால் எழுதியவரையே கேட்க வேண்டும் என்பது அச்சகத்தில் நான் முப்பத்துநாலு வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். கேட்கவில்லை. "பழையதை அழித்துவிட்டுப் போடவும்" என்று, வல்லினம் மிகும் இடத்தில் ப் கூடப் போட்டு, அழகாக எழுதினேன். பயாஸை மாற்றினேன். வட்டு தெரிந்தது, ஐந்நூறு ஜி.பி.யும். வட்டு முழுவதையும் அழித்து நிறுவவா என்று கேட்டது. ஆம் என்றேன். நிச்சயமாகவா என்று மறுபடி கேட்டது. தாளைப் பார்த்தேன். நிச்சயமாக என்றேன்.

ஆறு நிமிடத்தில் விண்டோஸ் போயிற்று, உங்கள் குறிப்பு போயிற்று, பாப்பா போயிற்று. மீட்க முடியுமா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "பழைய வட்டா இருந்தா முயற்சி பண்ணலாம் சார். இதுல அழிச்சா அழிச்சதுதான்" என்றாள். உங்கள் மாமியாரிடம் வீடியோக்கள் இருந்ததையும் சொல்லவில்லை, போனதையும் சொல்லவில்லை. அவர் பேத்தியைப் பார்த்து ஏழு மாதம் ஆகிறது. தயவுசெய்து அவற்றை வேறு ஒரு பென்டிரைவில் எனக்குத் தனியாக அனுப்பிவைக்கவும். முதலிலேயே லேப்டாப்பில் இருந்தது போல நான் போட்டுவிடுகிறேன்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. வெள்ளிக்கிழமை காலை உங்கள் மாமியார் புது லினக்ஸின் முன்னால் அமர்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதினான்கிலிருந்து பதினெட்டு வரை ஐந்து பாடமும் முடித்து அனுப்பியாயிற்று. பழைய லேப்டாப்பில் ஒரு பாடத்துக்கு மூன்று நாள் ஆகும். எஸ்.எஸ்.டி. வட்டின் வேகத்தை நான் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெண் தேர்வில் தேறினால் அதில் உங்கள் லேப்டாப்புக்கும், என் உழைப்புக்கும் சிறு பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்கிறேன்.

நடந்தது இவ்வளவுதான். மகளிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை உங்கள் பொறுப்பில் விடுகிறேன். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், மின்வெட்டு இல்லாமல், எதையும் அழிக்காமல் பல்லாண்டு வாழ எங்கள் ஆசிகள். பேத்தி கன்னத்தில் எங்கள் சார்பில் இரண்டு முத்தம். தாத்தாவுடையதை முதலில் கொடுக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பை மட்டும் நம்பியிருக்கும்
மாமனார்

பி.கு.: மாப்பிள்ளை, இது உங்க அத்தை எழுதறது. அவர் உறை வாங்கக் கீழ போயிருக்கார். கடிதத்த மேசை மேலயே வச்சிட்டுப் போனதால படிச்சிட்டேன். பழைய லேப்டாப் போன அன்னைக்கே நான் என் போன்ல பதிவு பண்ண ஆரம்பிச்சிட்டேன். துணி அலமாரிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு வாசிச்சா சத்தம் நல்லாவே வருது. புதன்கிழமை அந்தப் பொண்ணு கூப்பிட்டது பதினாலாம் பாடமும் பதினஞ்சாம் பாடமும் கிடைச்சுதுன்னு சொல்லத்தான், அவர் விட்டால்தானே? பதினாறாம் பாடத்துல விடுப்பு விதிகளுக்கு நடுவில அவர் ரெய்டு ரெய்டுன்னு கத்தறது விழுந்திருக்கு. அழிக்க வேண்டாம்னு அவளே சொல்லிட்டா. வெள்ளிக்கிழமை போன்ல இருந்ததை ஒரு வயர் போட்டு லேப்டாப்புக்கு மாத்தினேன், பத்து நிமிஷம். மீதி நேரம் கதவைச் சாத்திட்டுத் தூங்கினேன். பாப்பா வீடியோ நாற்பத்தொண்ணும் நம்ம பொண்ணு போன மாசமே எனக்கு அனுப்பிட்டா. தினமும் பார்க்கறேன்.

முதல் நாளே சொல்லியிருப்பேன். ஆனா அச்சகத்த விட்டு வந்த எட்டு மாசத்துல, காலையில எழுந்ததும் அவருக்கு ஒரு அவசரம் இருந்தது இந்த ஒரு வாரம்தான். சட்டையைக் கூட இஸ்திரி போட்டுப் போட்டுக்கிட்டார். அதனால பென்டிரைவ் அவர் கேட்டபடியே அனுப்பிடுங்க. நீங்க வரும்போது, "அந்தப் பாடமெல்லாம் எப்படி மாமா முடிச்சீங்க?"ன்னு கேளுங்க. அவர் முதல்ல இருந்து சொல்லட்டும். நானும் பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கறேன்.